ஏற்காடு ஏறும் டீசல் பிக்-அப்: செகண்ட் கியரைப் பார்த்து வாங்குங்கள்

பிக்-அப் வாங்கப் போகிறவர்கள் ஹெச்.பி. கேட்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள், எத்தனை டன் தாங்கும் என்று கேட்கிறார்கள். கியர் பாக்ஸ் என்று வரும்போது "அஞ்சு கியரா, ஆறு கியரா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சேலத்துக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையில் ஓடப்போகும் வண்டிக்குக் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. செகண்ட் கியர் ரேஷியோ எவ்வளவு? தேர்டுக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? எத்தனை ஆர்.பி.எம்.மில் இன்ஜின் இழுக்க ஆரம்பிக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் தாண்டியதிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்துக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, வண்டி 1,200 மீட்டர் ஏறியாக வேண்டும். சராசரியாக 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம். ஆனால் ரோடு சராசரியாகவே போவதில்லை. சில இடம் சமமாக வந்து மூச்சுவிட வைக்கும், சில இடம் செங்குத்தாக நிமிரும். வளைவின் உள்பக்கம் எப்போதுமே வெளிப்பக்கத்தைவிடச் செங்குத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் லோடும் சேர்த்து 3,000 கிலோ, டயரின் ஆரம் 35 செ.மீ., இன்ஜினின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 200 நியூட்டன் மீட்டர், பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் ரேஷியோ 4.3, செகண்ட் ரேஷியோ 2.3, தேர்டு 1.4 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு வழியிலேயே உராய்வில் போய்விடும். தேர்டில் சக்கரத்துக்குக் கிடைப்பது சுமார் 1,080 நியூட்டன் மீட்டர். நூற்றுக்கு 6 ஏறும் இடத்தில், டயர் உருள்வதற்கான தடையும் சேர்த்து, தேவைப்படுவது சுமார் 770 என்பதால் தேர்டு தாராளமாக இழுக்கும். நூற்றுக்கு 10 ஏறும் இடத்தில் 1,180 வேண்டும், அங்கே தேர்டு நின்றுபோகும். செகண்டில் 1,780 கிடைக்கிறது, ஏறிவிடும். மலை முழுக்க டிரைவர் தேர்டுக்கும் செகண்டுக்கும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். இந்த இரண்டு கியருக்கும் நடுவில் பள்ளம் அதிகமாக இருக்கும் வண்டி, செகண்டில் கத்தும், தேர்டில் திணறும். நடுவில் ஒரு வேகமே அதற்குக் கிடையாது.

அடுத்து வளைவு. லோடோடு கொண்டை ஊசி வளைவில் வண்டி 15 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன ரேஷியோவில் அந்த வேகத்துக்கு செகண்டில் இன்ஜின் சுற்றுவது 1,100 ஆர்.பி.எம். தான். டர்போ இன்னும் காற்றை அழுத்த ஆரம்பிக்காத இடம் அது. வண்டி குலுங்கும். ஃபர்ஸ்டுக்கு இறக்க மனம் வராது, எதிரே பஸ் வேறு வந்துகொண்டிருக்கும். கால் தானாகவே கிளட்சைப் பாதி அழுத்தி ரெய்ஸ் கொடுக்கும். மலை வண்டிகளில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்வதற்குப் பெரிய காரணம் இந்த ஐந்தாறு விநாடிதான். ஏறும்போது இருபது வளைவிலும் இப்படிச் செய்தால், ஒரே நாளில் இரண்டு நடை போகும் வண்டியில் அது நாற்பது தடவை.

ஆகவே கேட்டலாக்கில் உச்ச டார்க் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. அது எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்பதையும் படியுங்கள். ஒரே கம்பெனியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இசுசூ டி-மேக்ஸில் 2.5 லிட்டர் இன்ஜின் வரும் சரக்கு வண்டிக்கு 176 நியூட்டன் மீட்டர், 1,500-லிருந்து 2,400 வரை. அதோடு ஐந்து கியர். 1.9 லிட்டர் வரும் வி-கிராஸுக்கு 360, ஆனால் 2,000-லிருந்து 2,500 வரை. அதில் ஆறு கியர். எண்ணில் இரண்டாவது இரண்டு மடங்கு, வேகம் பிடித்த பிறகு இழுவையும் அப்படியே இருக்கும். 2.5-இன் உச்சமோ 500 சுற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. வளைவிலிருந்து மெதுவாக வெளியே வரும் சரக்கு வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1.9-ஐ மலையில் ஓட்டுகிறவர் ஊசியை 1,800-க்குக் கீழே விடாமல் ஓட்டப் பழக வேண்டும். தேவைப்பட்டால் வளைவுக்கு முன்பே, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்டுக்கு வந்துவிட வேண்டும். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆட்டோமேட்டிக் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக், வளைவில் கிளட்ச் எரியும் பிரச்சினையை அடியோடு தீர்த்துவிடுகிறது. தோட்டத்து ரோட்டில் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதற்கு அதைப்போல் சுலபம் எதுவும் இல்லை. சில கம்பெனிகள் அதற்குத்தான் கூடுதல் பலம் கொடுக்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் 2.8-இல் ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர், மேனுவலுக்கு 420. குடும்பத்தோடு வாரக் கடைசியில் ஏறி இறங்குகிறவர், சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் தினமும் நிற்கிறவர் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம். சரக்கு ஏற்றுகிறவருக்கு மேனுவல்தான் சரி என்பது எங்கள் முடிவு. காரணம் இரண்டு. இறக்கத்தில் நீங்கள் போட்ட கியர் நீங்கள் மாற்றும்வரை அங்கேயே இருக்கும். கெட்டுப்போனால் கொண்டலாம்பட்டியிலோ சங்ககிரியிலோ எந்தப் பட்டறையிலும் பிரித்து, பேரிங்கும் ரிங்கும் தனித்தனியாக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் பாக்ஸைப் பிரிக்கத் தெரிந்த கை அபூர்வம்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் காலி வண்டியை பைபாஸில் ஓட்டிப் பிரயோஜனமே இல்லை. சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. பத்து மூட்டையாவது ஏற்றி, அடிவாரத்திலிருந்து முதல் நான்கைந்து வளைவு வரை ஏறிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது கிளட்சைத் தொடாமல் செகண்ட் இழுக்கிறதா என்பதுதான் பரீட்சை.

பழைய வண்டி என்றால் சோதனை வேறு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேர்டு கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. பிறகு நியூட்ரலில் நிறுத்தி, காலை எடுத்து, சத்தத்தைக் கேளுங்கள். அப்போது உறுமல் கேட்டு, கிளட்ச் அழுத்தியதும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது, பாக்ஸைப் பிரிக்க வேண்டிவரும். அழுத்தும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், செலவு குறைவு. கடைசியாக இறக்கத்தில் செகண்டில் விட்டு, ஆக்ஸிலேட்டரை டக்கென்று விடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பல்லோ, கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. மலை இறக்கத்தில் கியர் நழுவினால் பிடித்து நிறுத்துவதற்கு பிரேக்கைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

கிளட்ச் பிடிக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஃப்ளைவீல் என்றால் லேத் பட்டறையில் முகத்தைச் சீவி மறுபடி போடலாம். உள்ளே ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் வகை என்றால், ஸ்பிரிங் தளர்ந்ததும் முழுசாக மாற்ற வேண்டும், விலை கையைக் கடிக்கும். எந்த வகையானாலும் கிளட்சுக்காக பாக்ஸை இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பாருங்கள். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மாதத்தில் சீல் கசிந்து புதுப் பிளேட்டில் ஆயில் பட்டால், அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

இந்த ரோட்டில் முதலில் கெட்டுப்போகும் கியரும் செகண்ட்தான். தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது "கர்ர்" என்று பல் கடிக்கும். சிங்க்ரோ ரிங் தேய்ந்ததன் அடையாளம் அது. காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. 30 கி.மீ. வேகத்தில் தேர்டில் 1,370 சுற்றும் ஷாஃப்ட்டை செகண்டுக்கு 2,250-க்கு ஏற்ற வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் அதையே செய்தால் 1,820-லிருந்து 3,000. அந்த 1,180 சுற்று வித்தியாசத்தைச் சமன் செய்வது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு பித்தளை வளையம். ஆகவே 30-க்குக் கீழே வந்த பிறகு செகண்ட் போடுங்கள். லீவரை ஒரே தள்ளாகத் தள்ளாமல், நடுவில் ஒரு கணம் நிறுத்தி உள்ளே விடுங்கள். ரிங் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட வண்டியில் பழைய லாரி டிரைவர்கள் போடும் டபுள் கிளட்ச் கைகொடுக்கும். கிளட்ச் அழுத்தி நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஒரு ரெய்ஸ், மறுபடி கிளட்ச் அழுத்தி செகண்ட். சத்தமே இல்லாமல் விழும். லீவர் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தக் கையின் கனம் உள்ளே ஃபோர்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இறங்கும்போது எந்த கியர்? லோடோடு ஏறுவதற்கு எது தேவைப்பட்டதோ அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவது கணக்கிலேயே தப்பு. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் ஊற்றுவதே நின்றுபோகிறது. நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகிறது. பிரேக் டிரம் சூடேறி, பிடிப்பு போவது தனி. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகள் இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். பல வண்டிகள் அங்கே நியூட்ரலில் இறங்கியவை. இன்னொன்று, டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி காற்றை அடைக்கும் த்ராட்டில் பிடிப்பு கிடையாது. அதனால் மேல் கியரில் இறங்கினால் இன்ஜின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். செகண்டில் 27 கி.மீ. என்றால் 2,000 சுற்று, 40 என்றால் 3,000. ஊசி 3,000-ஐத் தொடும் முன் பிரேக்கை அழுத்தி, வேகத்தை 20 கி.மீ.க்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். லேசாக அழுத்திக்கொண்டே வருவதைவிட, அழுத்தி விட்டு அழுத்தி விட்டு வந்தால் டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

ஃபோர் வீல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா கியரையும் இன்னும் மெதுவாக்கி இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச், தோட்டத்துச் செம்மண் தடத்தில் மழைக்காலத்தில் கிளட்சைக் காப்பாற்றும். தார் ரோட்டு வளைவில் அதைப் போடாதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டிய இடத்தில் இரண்டையும் பூட்டினால், ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி ஊற்றாதீர்கள். பித்தளை ரிங் உள்ள கியர் பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.-4 தர ஆயில். கிரவுன் பினியன் இருக்கும் பின் ஹவுசிங்குக்கு ஜி.எல்.-5. "கியர் ஆயில்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று ஹவுசிங் ஆயிலையே பாக்ஸிலும் ஊற்றினால், அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். வழுவழுப்பு அதிகமாகி சிங்க்ரோ பிடிப்பதும் குறையும். கிரேடும் அளவும் வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. மலை ஓட்டத்துக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. பாக்ஸின் காற்று வெளியேறும் ப்ரீதர் குழாயில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் ஆயில் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

மாற்றும்போது வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். முதலில் மேலே உள்ள ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள், அது கழலுகிறது என்று உறுதியான பிறகே கீழ் ட்ரெயின் போல்ட். ஃபில்லர் துருப்பிடித்துக் கழலாமல் போனால், ஆயில் இல்லாத பாக்ஸோடு வண்டி நின்றுபோகும். ட்ரெயின் போல்ட்டின் காந்த முனையில் ஒட்டியிருப்பதைத் துணியில் துடைத்து வெயிலில் பாருங்கள். மை மாதிரி மழமழவென்று சாம்பல் பசை இருந்தால் கவலை இல்லை, அது இயல்பான தேய்மானம். மினுக்கும் மஞ்சள் பொடி ஆயிலிலேயே மிதந்தால் ரிங் கரைகிறது. நகக்கீற்று அளவு இரும்புச் சில்லு கையில் குத்தினால் பல் உடைந்திருக்கிறது, பாக்ஸை இறக்காமல் மறுபடி லோடு ஏற்ற வேண்டாம். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கிய பின், ஃபில்லர் துளையின் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பிக்கும் வரை ஊற்றி, வழிவது சொட்டாகக் குறைந்ததும் மூடுங்கள்.