பின்னல் தலையணையுடன் கொழும்பு–மட்டக்களப்பு இரவுப் பேருந்தில் ஏறுவோர் கவனத்திற்கு

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவில் ஓடும் தனியார் சொகுசுப் பேருந்து ஒன்றில், பீரளு றேந்தை (மரக்கட்டைகளில் சுற்றிய நூலால், இறுக்கி அடைத்த தலையணை ஒன்றின் மேல் கையால் பின்னும் லேஸ்) பின்னும் தலையணையை வைப்பதற்கென்றே இரண்டாவது ஆசனத்துக்கும் முழுக் கட்டணம் செலுத்தியிருந்தேன். அப்படியிருந்தும், புறக்கோட்டையில் வண்டி புறப்படும் நேரத்தில் அந்த ஆசனத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டு, தலையணையை வண்டியின் அடியிலுள்ள பொதியறைக்குள் தள்ளிவிட்டார்கள். தொலைபேசியில் முற்பதிவு செய்தபோது, அது எதற்கான ஆசனம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, சம்மதமும் பெற்றிருந்தேன்.

இந்தக் கைவினையை அறியாதவர்களுக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். போர்த்துக்கேயரோடு இலங்கைக்கு வந்ததாகச் சொல்லப்படும் பீரளுப் பின்னல் இன்று காலி, வெலிகம போன்ற தென்கரை ஊர்களிலேயே பெரிதும் உயிரோடு இருக்கிறது. என் தலையணையும் கட்டைகளும் அங்கே செய்வித்தவைதான். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சிறு மரக்கட்டை தொங்கும். கட்டைகளை இணை இணையாகக் கையாண்டு, நூல்களைக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் பின்னிக்கொண்டு போக, மாதிரி அட்டையின் துளைகளில் குத்திய குண்டூசிகளே கடைசியாகப் பின்னிய வரிகளைப் பிடித்து வைத்திருக்கும். ஊசி அசைந்தாலோ நூலின் இழுவை தளர்ந்தாலோ அந்த வரிகள் உருக்குலைந்துவிடும். ஆகவே, பாதி பின்னிய வேலையுடன் இருக்கும் தலையணையைச் சரிக்கவோ கவிழ்க்கவோ கூடாது. கட்டைகளை வரிசை குலையாமல் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே இன்னொரு துணியைப் போர்த்தி, மடியில் ஏந்தியபடிதான் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

“அக்கா, தலகாணிக்கெல்லாம் சீட் தர ஏலாது, கீழ போடுங்க” என்றார் நடத்துனர். “காசு கட்டின சீட் தம்பி இது” என்று கைத்தொலைபேசியில் இருந்த பதிவைக் காட்டியபோது, அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தோடு பொதிக்கூலி என்று மேலதிகப் பணமும் வாங்கினார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, வேண்டுமானால் இறங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த நேரத்தில் இறங்கி வேறு வண்டி தேடுவது தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கடினம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

விடியற்காலையில் மட்டக்களப்பில் பொதியறையைத் திறந்தபோது, தலையணை ஒரு பழைய மோட்டார் உதிரிப்பாகத்தின் மேல் குப்புறக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் போர்வைத் துணியைக் கடந்து, வெள்ளைப் பருத்தி நூலின் இழையோடு ஏறி, பின்னி முடித்த பூ வேலைப்பாட்டில் கறுப்பாகப் படர்ந்திருந்தது. ஊசிகள் வளைந்திருந்தன, கட்டைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அது தேவாலயப் பீடவிரிப்பு ஒன்றின் ஓரத்துக்காக ஒப்புக்கொண்ட வேலை. நூலை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. தலையணைக்குள் இறுக்கி அடைத்த தும்பிலும் எண்ணெய் ஊறிவிட்டதால், அதையும் பிரித்துப் புதிதாக அடைக்க வேண்டியுள்ளது. முற்பதிவு நிலையத்தினர் இரண்டாவது ஆசனத்தின் பணத்தைக்கூடத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

இவ்வாறான பொருட்களோடு பயணம் செய்கிறவர்கள், மேலதிக ஆசனம் எதற்கானது என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முடியுமானால் வேலையை முடித்து, நூலை அறுத்து, றேந்தையைத் தனியே கைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் தலையணையோடு புறப்படுங்கள்; ஒப்புக்கொண்ட வேலைக்குத் தவணை இருக்கும்போது அது எப்போதும் இயலாது என்பதையும் அறிவேன். பேருந்தின் இலக்கத்தகட்டையும் பொதியறையில் உங்கள் பொருள் வைக்கப்பட்ட நிலையையும் ஏறுமுன் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாகாணங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகள் பற்றிய முறைப்பாடுகளைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். நான் படங்களுடன் முறைப்பாடு செய்துள்ளேன். இதே வழியில் பற்றுச்சீட்டின்றிப் பொதிக்கூலி கொடுத்தவர்களும், திகதியையும் பேருந்து இலக்கத்தையும் குறிப்பிட்டுத் தங்கள் முறைப்பாட்டைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.