புரூக்ளின் டெக்: பெரிய பள்ளி, பெரிய தேர்வு

நியூயார்க் நகரின் அரசுப் பள்ளிகளில் புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியை நான் முதல் வரிசையில் வைப்பதற்குக் காரணம் அதன் புகழ் அன்று, பாடத்திட்டத்தின் அமைப்பே. பொறியியலுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த 1922-இல் தொடங்கப்பட்டு, ஃபோர்ட் கிரீன் பகுதியிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு 1933-இல் குடியேறிய இப்பள்ளியில் வரைபடப் பயிற்சியும் பட்டறைப் பணியும், ஏன், உலோக வார்ப்பும்கூட பாடங்களாக இருந்தன. மாணவிகளுக்கு 1970-இல்தான் கதவு திறந்தது. இது மிகவும் தாமதம்.

முதல் இரண்டாண்டு பொதுப் பாடங்களுக்குப் பின், மாணவர் கட்டடக்கலை, விண்வெளிப் பொறியியல், மென்பொருள், சட்டம் என ஏதேனுமொரு சிறப்புத் துறையைத் தேர்ந்து, கல்லூரியில் போலவே அதில் ஆழ்ந்து பயில்கிறார். பிற பள்ளிகளில் அரிதான இவ்வசதியே இதன் உண்மையான பலம். நோபல் பரிசு பெற்ற ஆர்னோ பென்சியாஸ் இங்குப் பயின்றவர்.

ஆயினும், ஏறத்தாழ 6,000 பேர் பயிலுமிடத்தில் கூச்சமுள்ள பிள்ளை எளிதில் கண்ணில் படாமல் போகலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரேயொரு நுழைவுத் தேர்வே சேர்க்கையைத் தீர்மானிப்பதும் எனக்கு உவப்பில்லை. கல்விக் கட்டணம் இல்லை. தனிப்பயிற்சிச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கோ அத்தேர்வே பெருஞ்சுவராகிறது.