தழும்பில்லாத பித்தப்பை ஆபரேஷன்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

புதுச்சேரியிலோ கடலூரிலோ "தழும்பே தெரியாது" என்று யாராவது பேக்கேஜ் சொன்னால், துளை எங்கே என்று முதலில் கேளுங்கள். தொப்புளில் ஒரே துளை போடுவது வேறு. இயற்கைத் துவாரம் வழியே எடுப்பது வேறு.

இரண்டாவது முறையை 2007-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அறுவை மருத்துவர் மாரெஸ்கோவின் குழு யோனி வழியாகச் செய்தது. இன்று பெரும்பாலும் கலப்பு முறைதான்: தொப்புளில் 5 மி.மீ. துளை, யோனியின் பின்சுவரில் இன்னொரு திறப்பு. பித்தப்பை கீழ்வழியே வெளிவருவதால் பெரிய கல்லுக்காகத் தொப்புளைக் கிழித்து அகலப்படுத்த வேண்டாம். பின்னாளில் அங்கே குடலிறக்கம் வரும் வாய்ப்பும் குறைவு. இது உண்மையான லாபம்.

ஆனால் அந்தத் திறப்புக்குப் பக்கத்திலேயே மலக்குடல் இருக்கிறது. இடுப்புப் பகுதியில் பழைய ஒட்டல் (உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது), கடும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரித் திசு வெளியே வளரும் நோய்) இருப்பவர்களுக்கு இது வேண்டாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் வாய்வழியே போய் இரைப்பையைத் துளைக்கும் வழிதான் மிச்சம். அந்த ஓட்டையைக் கசியாமல் மூடுவதே பெரும் சிக்கல்.

எந்த வழியானாலும் உயிர்நாடியான கட்டம் ஒன்றே. குழாயையும் தமனியையும் அடைக்கும் கிளிப் போடும் முன் பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு தமனி மட்டுமே என்று தெளிவாகத் தெரிய வேண்டும். வீக்கத்தில் பொதுப் பித்தநாளத்தை (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் முக்கியக் குழாய்) பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டுவதுதான் மோசமான விபத்து. துளைகள் குறைந்து கருவிகள் நெருங்கி மோதும்போது இந்தப் பார்வை கிடைப்பது கடினம்.

ஆகவே எங்கள் பரிந்துரை வழக்கமான நான்கு துளை லேப்ராஸ்கோபிதான் (சிறு துளைகள் வழியே கேமரா வைத்துச் செய்யும் ஆபரேஷன்). பார்வை கிடைக்காவிட்டால் கூடுதல் துளை போடவும், வயிற்றைத் திறக்கவும் தயங்காத சர்ஜனைத் தேர்ந்தெடுங்கள். பில்லில் கிளிப், பயாப்ஸி (எடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை) சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் தோள்பட்டை வலி வாயுவால் வரும், தணியும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிறு உப்புதல் என்றால் அன்றே திரும்பிப் போங்கள்.