பழைய இசைத்தட்டைக் கழுவக் கொடுக்க முன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்கு ஒன்பது தட்டுகள் போய்விட்டன.

அப்பா சேர்த்த நாதஸ்வரத் தட்டுகள் அவை. நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழல்பவை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சட்டி பானையெல்லாம் விட்டுவிட்டு, இவற்றைப் போர்வையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, சாவகச்சேரி வரை உருட்டிக்கொண்டு போனார். ஒன்றுகூட உடையவில்லை. அவற்றோடு என்னுடைய ஐந்து எல்பி தட்டுகளையும் (பிற்காலத்தில் வந்த, மெதுவாகச் சுழலும் தட்டுகள்) சேர்த்து, கரகரப்பு இல்லாமல் சுத்தம் செய்து தருவதாக விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் போன மாதம் கொண்டுபோனேன். தட்டுக்கு 500 ரூபா.

முதல் தட்டை என் கண்முன்னேயே துடைத்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு சுற்று. பஞ்சு கரி பிடித்ததுபோல் கறுத்து வந்தது. “பாத்தியளே அண்ணை, எவ்வளவு ஊத்தை!” என்றார். எனக்கும் சந்தோஷம். மிச்சத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது ஊத்தை இல்லை. தட்டே கரைந்து வந்திருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் மினுக்கம் போய், சாம்பல் பூத்ததுபோல் இருந்தன. ஊசியை வைத்தால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இரைச்சல். தோடி ஆலாபனை அதற்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. கேட்கப் போனால், “பழைய தட்டு, இரைச்சல் இருக்கத்தான் செய்யும்” என்கிறார். காசும் திரும்பவில்லை.

காரணத்தைச் சொன்னது வீட்டுக்குத் தச்சு வேலைக்கு வந்த ஐயா. தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர், “இது அரக்கெல்லே தம்பி. அரக்கை ஸ்பிரிட்டில கரைச்சுத்தானே நாங்கள் அலுமாரிக்குப் பொலிஷ் போடுறனாங்கள்” என்றார். விசாரித்ததில் அவர் சொன்னது முழுதும் சரி. பழைய 78 தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கோடு கல்மாவைச் சேர்த்து அழுத்தியவை. எல்பி தட்டுகள் வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக். 78 பாரமாக இருக்கும், வளையாது, விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும். அதில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் படக்கூடாது.

எல்பிகளுக்கு நடந்தது வேறு. குழாயைத் திறந்து கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்திருக்கிறார். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் தட்டின் பள்ளத்துக்குள்ளும் காய்ந்து நிற்கிறது. ஊசி அதில் முட்டும்போதெல்லாம் ‘டிக்’ என்கிறது. ஒரு தட்டு வெயிலில் நெளிந்தே போனது.

நெளிந்ததைத் தவிர மற்ற நான்கையும் நானே திரும்பக் கழுவினேன். பார்மசியில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர் ஒரு லீற்றர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. மென்மையான மைக்ரோபைபர் துணியால், பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. நடு லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்தேன். மூன்றில் சத்தம் நன்றாகக் குறைந்தது. ஒன்றில் இன்னும் டிக் டிக்தான். 78 தட்டுக்கும் இதே நீர் போதும், ஊற வைக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, 78இன் பள்ளம் அகலம். அதற்கென்று தடித்த ஊசி இருக்கிறது. அந்த ஆள் எல்லாவற்றையும் எல்பி ஊசியிலேயே போட்டுக் காட்டினார். மெல்லிய நுனி பள்ளத்தின் அடியில் உள்ள ஊத்தையில் உரசும், இரைச்சல் இன்னும் கூடும். அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எதால் துடைப்பீர்கள், எந்தத் தண்ணீர், எங்கே காய வைப்பீர்கள் என்று கேட்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே எங்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் எடுத்து, தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.