மைக்ரோபிட் வி2: தக்காளித் தொட்டியிலயும் அப்பா கால்லயும் கட்டிப் பாத்த ரிவ்யூ

பசங்க கோடிங் கத்துக்கற மைக்ரோபிட்ங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு மூணு மாசமா வீட்ல ஓடிட்டு இருக்கு, இப்ப எழுதலாம். நமக்கு காவேரிப்பட்டணம், பொண்ணு ஏழாவது படிக்குறா. கோடிங் கிளாஸ்ல சேருங்கன்னு தினம் ஒரு போன் வருது, அவங்க சொல்ற வருஷ ஃபீஸுக்கு போச்சம்பள்ளி சந்தையில ஒரு கன்னுக்குட்டியே புடிச்சிட்டு வந்துடலாம் போல.

போர்டப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ண கூத்த சொல்லிடறேன். ஒரு கிரவுட்ஃபண்டிங் சைட்ல ரோபோ ஒண்ணு பாத்தேன், பேரு வேணாம். வீடியோல அது டான்ஸ் ஆடுது, பசங்க அதுக்கு கோட் எழுதுதுங்க, பின்னாடி மியூசிக் வேற. கார்டுல இன்டர்நேஷனல் ஆப்ஷன ஆன் பண்ணி 9,000 கிட்ட கட்டுனேன். தீபாவளிக்கு வரும்னாங்க, அந்த தீபாவளி போச்சு, அடுத்த தீபாவளியும் போச்சு, பொங்கலுக்கு வந்துச்சு, அதுவும் கஸ்டம்ஸ் டூட்டி 2,300 கட்டுனாதான் பெட்டிய குடுப்பேன்னு கூரியர்காரர் வாசல்ல நிக்கிறாரு. அம்மா வந்து "என்னடா இது"ன்னு கேட்டாங்க. சீட்டு மாதிரிதான்மா, நாலு பேர் காசு போட்டா அவன் பொருள் செஞ்சு அனுப்புவான்னு சமாளிச்சேன். "சீட்டுன்னா புடிக்கிறவன் வீட்டுத் திண்ணையில போயி உக்காந்துக்கலாம், இவன் வீடு எங்கடா இருக்கு"ன்னாங்க. பதில் இல்ல என்கிட்ட.

அம்மா சொன்னதுல விஷயம் இருக்கு. கிக்ஸ்டார்ட்டர் மாதிரி இடத்துல சொன்ன தேதிக்குள்ள டார்கெட் தொகை சேரலன்னா நம்ம காச எடுக்க மாட்டாங்க, அது வரைக்கும் சரி, சேந்துட்டா அவங்களுக்கு 5% கமிஷன், காசு மாத்தி விடற கட்டணம் எல்லாம் போக மிச்சம் பொருள் செய்யறவன் கைக்கு போயிடும், அதுக்கப்புறம் அவனாச்சு நாமாச்சு. நாங்க கடை இல்லைன்னு அவங்களே எழுதியும் வச்சிருக்காங்க, நாமதான் கடைன்னு நெனச்சு கட்டறோம். நல்லதும் நடந்திருக்கு. கிக்ஸ்டார்ட்டர்ல பெபிள்ங்கற ஸ்மார்ட் வாட்சுக்கு 2012ல 68,000க்கு மேல ஆளுங்க சேந்து ஒரு கோடி டாலருக்கு மேல போட்டாங்க, வாட்சும் வந்துச்சு, ஆனா 2016ல கம்பெனிய மூடி சாஃப்ட்வேர் எல்லாம் ஃபிட்பிட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. அப்புறம் ரெபிள்னு ரசிகருங்களே ஒண்ணு கூடி சர்வர் நடத்துனதால அந்த வாட்ச் உயிரோட இருந்துச்சு. என் ரோபோவுக்கு அப்படி யாரும் வரல. அத ஓட்டற ஆப் நின்னு போச்சு, இப்ப ஷோகேஸ்ல பொம்மைங்க நடுவுல நிக்குது.

சரி, மைக்ரோபிட். தீப்பெட்டி சைஸ்தான் இருக்கும். முன்பக்கம் 25 குட்டி சிவப்பு எல்இடி, ரெண்டு பட்டன், உள்ள அசைவு தெரியற சென்சார், திசைகாட்டி. வி2ங்கற ரெண்டாவது வெர்ஷன்ல மைக்கும் ஸ்பீக்கரும் சேத்திருக்காங்க. பிபிசி ஆரம்பிச்ச வேலை, 2016ல பிரிட்டன்ல ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு சும்மாவே குடுத்தாங்க. நான் பெங்களூர் எஸ்.பி. ரோடுல வாங்குனேன், பேட்டரி பாக்ஸ், முதலை கிளிப் வயர் எல்லாம் சேத்து 2,000 சொச்சம். கம்ப்யூட்டர் புதுசா வேணாம், தங்கச்சி பிளஸ் டூவுல வாங்குன விலையில்லா லேப்டாப் பரண்ல கெடந்துச்சு, லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன், கோட் எழுதற மேக்கோட் சைட்டு பிரவுசர்லயே ஓடுது. கட்டம் கட்டமா இழுத்து ஒட்டற மாதிரி கோட், வேணும்னா பைத்தானாவும் எழுதலாம். அந்த சைட்லயே போர்டு மாதிரி ஒரு படம் இருக்கு, அதுல ஓட்டிப் பாக்கலாம், அதனால காசு போடறதுக்கு முன்னாடி பசங்களுக்கு ஆர்வம் இருக்கான்னு ஒரு வாரம் அதுலயே விட்டுப் பாருங்க.

மாடில அம்மா தக்காளி வச்சிருக்காங்க. பொண்ணு ரெண்டு இரும்பு ஆணிய மண்ணுல குத்தி, ஒண்ணுக்கு 3 வோல்ட், இன்னொன்ன போர்டு விளிம்புல வயர் மாட்டற பின் 0ல மாட்டுனா. மண்ணு ஈரமா இருந்தா கரண்ட் நல்லா பாயும், 0லேருந்து 1023 வரைக்கும் நம்பர் காட்டும். எங்க தொட்டி காஞ்சப்ப 240, தண்ணி ஊத்துனதும் 780. அப்புறம் பொண்ணு கோட்ல 'இப்படி இருந்தா இத செய்'ங்கற இஃப் ஒண்ணு போட்டா, 400க்கு கீழ போனா அழுவற மூஞ்சி, இல்லன்னா சிரிக்கற மூஞ்சி. "காஞ்சா ஊத்து, இல்லன்னா சும்மா இரு, இதத்தானே கண்ணு நான் தெனம் சொல்றேன், இதுக்கா மிஷினு"ன்னு அம்மா கேட்டாங்க. ஆமா ஆயா, நீ சொல்றதும் கோடிங்தான்னு இவ சொல்ல அம்மாவுக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்ல போயி எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும்னுட்டு வந்துட்டாங்க.

பத்து நாள்ல ஒரு ஆணி மட்டும் துருப்புடிச்சு அரிச்சுப் போச்சு, இன்னொன்னு பரவால்ல. ஏன் ஒண்ணு மட்டும்னு உக்காந்து யோசிச்சோம். எந்நேரமும் கரண்ட் ஓடறதால பிளஸ் பக்கத்து ஆணி கரையுது. அதனால 3 வோல்ட்லேருந்து கழட்டி பின் 1ல மாட்டி, அளக்கற நேரத்துக்கு மட்டும் அத ஆன் பண்ணி ஆஃப் பண்ற மாதிரி கோட மாத்துனா. அந்த ஃபீஸ் கட்டுற கிளாஸ்ல ஆணி துருப்புடிக்காதுங்க, அதான் எனக்கு பிடிச்சது.

கொறைன்னு பாத்தா, மேல மூடி கெடையாது, மொட்டையா இருக்கற போர்டு, ஈரக்கையோட தொட விடாதீங்க. இன்னும் மைக்ரோ யுஎஸ்பிதான், பழைய சார்ஜர் வயர தேடணும், அதுலயும் டேட்டா போற வயரான்னு பாத்துக்கோங்க. பேட்டரிய கழட்டுனா எண்ணி வச்சதெல்லாம் ஜீரோ ஆயிடும், சேமிச்சு வைக்க தனியா கோட் எழுதணும். ஏழு வயசுக்கு கீழ உள்ள வாண்டுகளுக்கு இது வேணாம், படம் இழுத்து ஒட்டி கோட் போடற ஸ்க்ராட்ச் ஜூனியர் ஆப் போதும், அது முழுக்க இலவசம்.

அடுத்தது ஸ்டெப் கவுன்டர். அப்பாவுக்கு சுகர், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. கால்ல ரப்பர் பேண்டு போட்டு கட்டி விட்டோம், சாயந்தரம் பாத்தா 1,100 காட்டுது, மனுசன் வீட்ட விட்டே போகல. டிவி பாத்துட்டு கால ஆட்டிட்டு இருந்திருக்காரு. இப்ப எவ்ளோ வேகமா அசைஞ்சா ஒரு அடின்னு வச்சுக்கலாம்னு தாத்தாவும் பேத்தியும் சண்ட போட்டு நம்பர மாத்திட்டு இருக்காங்க. ரிவ்யூவுக்கு போட்டோ போடலாம்னுதான் இருந்தேன், போர்டு அப்பா கால்ல இருக்கு, அவரு நிப்பட்டு வாங்க கடைவீதிக்கு போயிருக்காரு, வந்ததும் போடறேன்.