சிரியத்துக் கொல்லையில் முட்டை வாத்து

மியான்மரில் யாங்கோனுக்குப் பக்கத்தில் இருக்கும் தன்லினில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சிரியம் என்றே சொல்லும் ஊரில், முட்டைக்காகக் காக்கி கேம்ப்பெல் வாத்து வளர்த்துப் பல மழைக்காலம் பார்த்துவிட்டேன். வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "குளம் வேண்டாமா?" என்பதுதான். வேண்டாம். அலகு மூக்குத் துவாரம் வரை முங்குகிற ஆழத்தில் தண்ணீர் இருந்தால் போதும். மூக்கையும் கண்ணையும் கழுவ முடியாத வாத்துக்குத்தான் கண்ணில் பீளை கட்டும். எங்கள் தொட்டி வாழை மரங்களுக்கு நடுவே இருக்கிறது. தினமும் கொட்டுகிற அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. தார் பெருத்து வருகிறது.

கவனமெல்லாம் கொட்டகையில்தான் இருக்க வேண்டும். மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. பகலெல்லாம் வாத்து மழையில் ஆடட்டும், ஆனால் ராத்திரி படுக்கிற தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் படுத்தால் பாதத்தில் புண் வரும், முட்டை சேறாகும், நாற்றம் நம் கண்ணையே கரிக்கும். தரையை மேடாக்கி உமியைக் கனமாகக் கொட்டியிருக்கிறேன். நனைந்த இடத்தைக் கிளறிவிட்டு மேலே புது உமி தூவினால் சரியாகிவிடும். உள்ளே தண்ணீர் வைப்பதில்லை, அதனால் தீனியும் வைப்பதில்லை. தண்ணீர் இல்லாமல் தின்றால் தொண்டை அடைக்கும்.

ஒரு வாத்துக்கு 4 சதுர அடியாவது இடம் கொடுங்கள். சுவரின் மேல் பாதி கம்பிவலையாக இருந்தால் காற்று ஓடும். வலை சின்னக் கண்ணாக இருக்கட்டும், அடியில் மண்ணுக்குள்ளும் இறங்கட்டும். உடும்பு, கீரி, பெருச்சாளி மூன்றும் இங்கே உண்டு. கதவு அகலமாக வேண்டும். திறந்ததும் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு ஓடிவரும், வாத்துக்குக் கால்தான் பலவீனம். படி வேண்டாம், சாய்வுப் பலகை போடுங்கள்.

காலை 9 மணிக்கு முன் கதவைத் திறக்காதீர்கள். பெரும்பாலான வாத்துகள் விடிவதற்கு முன்பும் விடிந்த கொஞ்ச நேரத்திலும் முட்டையிட்டு முடித்துவிடும். சீக்கிரம் விட்டால் முட்டையை வேலியோரம் தேடித் திரிய வேண்டியதுதான். இருட்டு மூலையில் வைக்கோல் போட்டு வைத்தால், முட்டையிட்ட வாத்து அலகால் ஒவ்வொரு வைக்கோலாக இழுத்து முட்டையை மூடிவிட்டு எழுந்துபோகும். அதை வலை வழியாகப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை.

மேய்ச்சலில் நத்தையும் மண்புழுவும் தீர்ந்துபோகும். கோழி மாதிரி மண்ணைக் கிளறாது, ஆனால் இளங்கீரையை விடாது. புளிச்சகீரைப் பாத்திக்கு முழங்கால் உயர வலை கட்டினேன், தாண்டவில்லை. கோழி இருட்டினதும் தானே கூடு சேரும், வாத்தை நம்ப முடியாது. தினமும் அதே நேரத்தில் தகர டப்பாவைத் தட்டிச் சாயங்காலத் தீனியைக் கொட்டகை வாசலில் வைப்பதால் வரிசையாக வந்துவிடுகின்றன. தின்று தண்ணீர் குடித்த பிறகு அடைப்பேன்.

தீனி தவிடு, நொய், கருவாட்டுத் தூள். ஓட்டுக்குச் சிப்பித் தூள். கடலைப் புண்ணாக்கை மழைக்காலத்தில் நிறுத்திவிடுங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. குஞ்சு என்றால் செத்தே போகும்.

நல்ல தீனியில் இந்த இனம் வருடத்துக்கு 250க்கு மேல் முட்டையிடும். மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற அக்கா எங்கள் முட்டையை விரும்பி வாங்குகிறார். டிசம்பரில் பகல் பொழுது 11 மணி நேரமாகக் குறையும்போது முட்டையும் குறையும். பல்பு போட்டு வெளிச்சத்தை நீட்டலாம்தான், ஆனால் கரண்ட் போய்த் திடீரென்று இருட்டினால் வாத்துகள் மிரண்டு ஒன்றை ஒன்று மிதிக்கும். நான் போடுவதில்லை.

வாங்கும்போது ஒரு விஷயம். ஒரு வியாபாரி பெட்டை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த குஞ்சுகளில் பாதி ஆணாக இருந்தன. முட்டைக்கு ஆணே தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். 2 மாதமான குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். கையில் தூக்கினால் பெட்டை ஊரே கேட்கக் கத்தும், ஆணுக்குக் கரகரப்புதான் வரும்.