ரிக் வண்டி ஜாக்கி இறங்கினால்: சீல் கிட்டா, குரோமா, புது சிலிண்டரா?

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள் கம்ப்ரசருக்கும் பாறையை உடைக்கிற ஹேமருக்கும் காட்டும் அக்கறையில் பாதிகூட ஜாக்கிக்குக் காட்டுவதில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்துகிற வேலைதானே என்று விட்டுவிடுகிறார்கள். துளை நேராகப் போவதே அந்த ஜாக்கிகளை நம்பித்தான். பைப்பைத் தாங்கி நிற்கும் கோபுரமான மாஸ்ட் ஒரு டிகிரி சாய்ந்து நின்று, துளையும் அதே சாய்வில் போனால், 1000 அடியில் அது 17 அடி தள்ளிப் போயிருக்கும். நம் ஊரில் 1000 அடி இப்போது பெரிய ஆழமே இல்லை. மட்டம் பார்த்துத் தொடங்கிய பிறகு நடுவில் ஒரு ஜாக்கி இறங்கினால் இன்னும் மோசம். மேலே மாஸ்ட் ஒரு கோணத்தில் நிற்கும், உள்ளே பைப்புகள் வேறு கோணத்தில் இருக்கும். பைப்பு சுவரில் உரசும், மரை தேயும், ஹேமரோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

பழைய வண்டியில் ஜாக்கி இப்படி இறங்கத் தொடங்கியதும் பட்டறையில் எழுகிற கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, சீல் கிட் போட்டாப் போதுங்களா, இல்ல சிலிண்டரே மாத்தோணுங்களா?" சீல் கிட் என்பது ஆயில் கசியாமல் அடைக்கும் வளையங்களின் தொகுப்பு. பிட்டர் சொல்வார்: "கழட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்." கழற்றுவதற்கு முன்பே பாதி தெரிந்துகொள்ளலாம். அந்தப் பாதியை விடுவதால்தான் தேவையில்லாத செலவு வருகிறது.

கழற்றும் முன்

ஜாக்கி நிஜமாகவே இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஹைட்ராலிக் ஆயில் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.7 சதவீதம் சுருங்கும். பகல் முழுக்க ஓடிச் சூடான ஆயில் ராத்திரியில் 30 டிகிரி குளிர்ந்தால், 400 மி.மீ. நீட்டிய ஜாக்கி 8 மி.மீ. வரை தானாகவே இறங்கும். இது பழுதல்ல. குளிர்ந்து முடிந்ததும் இறக்கமும் நின்றுவிடும். அதிகம் நீட்டிய ஜாக்கி அதிகம் இறங்கும், அதனால் காலையில் மட்டம் கெட்டிருக்கும். மறுபடி மட்டம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு. ராடில் (சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் குரோம் தண்டு) மார்க்கரால் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கண்மதிப்பில் சொல்வது வேண்டாம்.

கசிவு உறுதியானால், ராடு வழியே வெளியே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் இரண்டே சந்தேகம்தான்: ஆயிலைச் சிலிண்டருக்குள் பூட்டி வைக்கும் லாக் வால்வு, உள்ளே நகரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிஸ்டன் சீல். பெரும்பாலானவர்கள் பழியைப் பிஸ்டன் சீல் மேல்தான் போடுவார்கள். ஆனால் இரு பக்கமும் பூட்டும் இரட்டை லாக் வால்வு உள்ள ஜாக்கியில், பிஸ்டன் சீல் போனால்கூட ஜாக்கி அவ்வளவாக இறங்காது. ராடு உள்ளே வர இடம் வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் அங்கிருக்கும் ஆயில் எங்கே போகும்? அதற்குப் பதிலாக வேறொன்று நடக்கும். பிஸ்டனைத் தாண்டி ஆயில் ராடு பக்கத்துக்கு வந்துவிடுவதால், முழுச் சுமையையும் ராடின் குறுக்குப் பரப்பு மட்டுமே தாங்கும். 125 மி.மீ. பிஸ்டன், 90 மி.மீ. ராடு என்றால் உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தை ராடு சீல் எத்தனை நாள் தாங்கும்? ராடு சீலை மாற்றி மாற்றிப் போட்டும் சொட்டு நிற்கவில்லை என்றால், பிஸ்டன் சீலைச் சந்தேகப்படுங்கள்.

சோதனை இப்படி. சேஸிஸுக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை அடுக்கி, வண்டிப் பாரத்தை முழுக்க அதன்மேல் இறக்குங்கள். அழுத்தம் போன பிறகு சிலிண்டரில் ராடு பக்கத்து இணைப்பைத் திறந்து, ஹோஸ் முனையை அடைத்து, வாளி வையுங்கள். லாக் வால்வு சிலிண்டர் மேலேயே உட்கார்ந்திருந்தால், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில்தான் திறக்க வேண்டும். அப்புறம் ஜாக்கியை நீட்டி, கட்டையிலிருந்து வண்டியை அரை அங்குலம் மட்டும் தூக்கி, இன்ஜினை நிறுத்துங்கள். ஜாக்கி இறங்க இறங்கத் திறந்த வாயில் ஆயில் வந்தால் பிஸ்டன் சீல். ஆயில் வராமலே இறங்கினால் லாக் வால்வு. எங்கே பீச்சுகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

லாக் வால்வு என்றால் சந்தோஷப்படுங்கள், இருப்பதிலேயே சின்னச் செலவு அதுதான். கழற்றிக் கழுவி, சீட்டில் தூசியோ கீறலோ இருக்கிறதா பார்த்து, ஓ-ரிங் மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் விசாரியுங்கள்: கண்ட்ரோல் வால்வு மாற்றியதிலிருந்துதான் ஜாக்கி இறங்குகிறதா? லீவர் நடுவில் நிற்கும்போது ஜாக்கிக்குப் போகிற இரண்டு லைனும் டேங்குக்குத் திறந்திருக்க வேண்டும். நடுவில் அந்த லைன்களை அடைத்து நிற்கும் ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) போட்டிருந்தால், லைனில் மிச்ச அழுத்தம் தங்கி லாக் வால்வை முழுக்க மூட விடாது. அதற்குச் சீல் கிட் மாற்றிப் பயனில்லை.

சீல் கிட் மட்டும்

விலை குறைவு, அரை நாள் வேலை. ராடு வழவழவென்று இருந்தால் இதுவே போதும். சந்தேகமிருந்தால் நகத்தை ராடின் மேல் குறுக்காக ஓட்டுங்கள். நகம் எங்காவது மாட்டினால், புதுச் சீலை அந்தக் கீறல் சீக்கிரமே தின்றுவிடும். மலிவான கிட்டில் ராடை நடுவில் பிடித்து வைக்கும் கைடு ரிங் இல்லாமல் வரும், கேட்டு வாங்குங்கள். பழைய கைடு ரிங் தேய்ந்திருந்தால் ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சீலை நசுக்கும்.

பாறைத்தூளில் வேலை செய்கிற வண்டிக்கு, ராடில் ஒட்டும் தூசியை வழிக்கிற வைப்பரும் ராடு சீலும் பாலியூரித்தேனில் போடுவது நல்லது, நைட்ரைல் ரப்பரைவிட உராய்வைத் தாங்கும். ஆனால் ஆயிலில் தண்ணீர் கலந்து சூடாகிற வண்டியில் பாலியூரித்தேன் சீக்கிரம் நொறுங்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வண்டி சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ நிற்கிறது, சீசன் நடுவில், ராடில் கீறலும் இருக்கிறது என்றால், சீல் கிட் போட்டு ஓட்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. அதை மருந்தாக நினைக்க வேண்டாம், ஊர் வந்து சேரும்வரை தாங்கும் கட்டு அது.

குரோம் போடுவது

பழைய வண்டிக்கு நான் பெரும்பாலும் சொல்வது ராடுக்குப் புதிதாகக் குரோம் ஏற்றுவதைத்தான். நம் பாறைகளில் இருக்கிற குவார்ட்ஸ் கடினத்தில் ஹார்டு குரோமுக்கு இளைத்ததில்லை. அந்தத் தூள் ராடில் ஒட்டிக்கொண்டு, ஜாக்கி ஏறும்போது (ராடு உள்ளே போகும்போது) வைப்பரைத் தாண்டி உள்ளே போனால் குரோமையே கீறிவிடும். சிலிண்டர் நன்றாக இருந்து ராடு மட்டும் கெட்டிருக்கிற வண்டிகள் அதனால்தான் இத்தனை.

கோவையில் இந்த வேலைக்கு நல்ல பட்டறைகள் உண்டு. பழைய குரோமை எடுத்து, ராடைக் கிரைண்டிங் செய்து, கனமாகக் குரோம் ஏற்றி, மறுபடி கிரைண்டிங் செய்து பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும். அளவு சிறுத்தால் சீலும், ராடு வெளிவரும் வாயிலுள்ள மூடியான கிளாண்டும் பொருந்தாது. மேலாகப் பாலிஷ் போட்டு அதன்மேல் குரோம் பூசித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அது உரிந்து வரும். கொடுக்கும் முன்பே ராடு வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கி தரையில் இருக்கும்போது யாராவது வண்டியை நகர்த்தியிருந்தால் வளைந்திருக்கும்.

ரெடிமேடாகக் கிடைக்கும் குரோம் ராடை வாங்கி, லேத்தில் மரையும் முனையும் கடைந்துகொள்வது இன்னொரு வழி. துரு ஆழமாகத் தின்ற ராடுக்கும் வளைந்த ராடுக்கும் இதுதான் மேல். முனையில் வெல்டிங் வருகிற மாடலாக இருந்தால் மட்டும் நன்றாகச் செய்கிற கையிடம் கொடுங்கள், முழுப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது.

புது சிலிண்டர்

பேரல் (சிலிண்டரின் குழாய்) உள்பக்கம் கோடு விழுந்திருந்தால்தான் இது. லேசான கோடு ஹோனிங்கில் (உட்சுவரை உரசி வழவழப்பாக்குவது) போய்விடும். அதிகம் எடுத்தால் துளை பெருத்து, அளவுச் சீல் பிடிக்காது. கம்பெனி சிலிண்டர் விலை அதிகம், பழைய மாடலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். கோவையில் செய்து வாங்குவது எனக்குச் சம்மதமே: மூடிய நீளம், ஸ்ட்ரோக், பிஸ்டன், ராடு அளவு, போர்ட் மரை, மவுண்டிங் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, சுமையில் வைத்து டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். உடைத்த வண்டியிலிருந்து வரும் பழைய சிலிண்டரைப் பிரித்துக் காட்டாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது.

எதைச் செய்தாலும்

குரோம் வேலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வீட்டில் நிற்கிற நாட்கள்தான் வசதி. அப்போது ஜாக்கியை முழுக்க ஏற்றி, கட்டையின் மேல் வண்டியை நிறுத்துங்கள். நீட்டி வைத்த ராடில் மழை பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். வேலை நாளில், ஜாக்கியை ஏற்றும் முன் ராடைத் துணியால் துடைக்கிற பழக்கத்தை டிரில்லரிடம் கண்டிப்பாகச் சொல்லிப் பழக்குங்கள். அதற்குச் செலவே இல்லை.

அப்புறம், பிஸ்டன் சீல் கிழிந்திருந்தால் அதன் துணுக்குகள் ஹோஸிலும் லாக் வால்விலும் கிடக்கும். சிலிண்டரை மாட்டும் முன் ஹோஸைக் காற்றடித்துக் கழுவி, லாக் வால்வைத் திறந்து துடைத்து, ரிட்டர்ன் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள்.